பெரியவங்க யாராச்சும்

அக்கா, இந்தப் பையை உங்க காலுக்கிட்ட வெச்சுக்கட்டுங்களா? எங்கம்மா சன்னல் பக்கம் சாஞ்சுக்கத் தோதா இருக்கும். கனமெல்லாம் இல்லீங்க. ரெண்டு சேலை, ஒரு போர்வை, டம்ளரு, சோப்பு, ஸ்கேன் எடுத்த கவரு, அவ்வளவுதான். ஆமாங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் போறமுங்க. நீங்க காந்திபுரம் வரைக்குமுங்களா? அப்பச் சரி. அது வரைக்கும் கூட இருப்பீங்க.

உங்களப் பாத்துத்தான் இந்தச் சீட்டுக்கே வந்தேன். நெசமாத்தான் சொல்றேன். புளியம்பட்டில ஏறுனதுல இருந்து ஒவ்வொரு முகமாப் பாத்துட்டு வர்றேன். முன்னால பச்சைச் சேலை கட்டிட்டு ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க போன வெக்கவே இல்ல. அதுக்குப் பின்னால ஒரு பாட்டிம்மா, அவங்களுக்குக் காது கேக்கல. நீங்கதான், ஒரு தாத்தா ஏறறதுக்குள்ள விசில் ஊதுன கண்டக்டரை ஒரு அதட்டுப் போட்டீங்க. அந்தாளும் கம்முன்னு நின்னாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவங்க பேச்சு எடுபடுது, இவங்ககிட்டத்தான் கேக்கோணும்னு.

ஒரு உதவி கேக்கோணுமுங்க. ஆனா இப்பவே என்னன்னு சொல்ல மாட்டேன். எடுத்ததும் கேட்டா மாட்டேன்னு சொல்லிருவீங்க. முழுசாச் சொல்லிட்டுக் கேக்கறேன், அப்பறம் நீங்களே சொல்லுங்க. அன்னூரு வரட்டும், கோயில்பாளையம் வரட்டும், நேரம் இருக்குது.

அம்மா தூங்கிருச்சுங்க. அது பஸ் ஏறுனாத் தூங்கிரும். முழிச்சிருந்தாலும் அப்படித்தான், பேசவே பேசாது. ஆடு தழை மேயற சத்தம் எங்கூட்டுல கேக்கும், எங்கம்மா சத்தம் கேக்காது. ஆரு என்ன சொன்னாலும் 'சரி'ங்கும். அதனாலதான் நான் பேச வேண்டியிருக்குது.

கொஞ்சம் கிட்ட வாங்க. மாருல கட்டிங்க. இந்தப் பக்கம். எங்கூட்டுல இன்ன வரைக்கும் அந்த வார்த்தையை ஒருத்தரும் வாயில சொன்னதில்ல. 'அது'ங்கறாங்க. 'அதுக்கு என்ன பண்றது', 'அது இப்ப எப்படி இருக்குது'. சொந்தக்காரங்க, ஒறம்பரைக்கிட்டச் சொல்றப்ப 'ஒடம்பு சரியில்ல'. கட்டியைக் கண்டுபுடிச்சதே நாந்தானுங்க. எங்க ஸ்கூல்ல பொம்பளைகளுக்குன்னு ஒரு கேம்ப் போட்டாங்க. வரலை வரலைன்னு சொன்ன அம்மாவை நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். அங்க இருந்த டாக்டரம்மா அமுக்கிப் பாத்துட்டு மூஞ்சி மாறிப் போனாங்க. அப்பறம் ஸ்கேன், ஊசில உறிஞ்சி எடுத்து ஒரு டெஸ்ட்டு. ரிசல்ட்டு வந்தப்ப அந்த டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க, ஆரம்பந்தான், இப்பவே எடுத்துட்டாப் பொழச்சுக்கலாம், தள்ளிப் போடறதுதான் ஆபத்துன்னு. எனக்குப் புரிஞ்சதுங்க. நான் பயாலஜி குரூப்பு.

ஊட்டுல எங்க பெரியப்பா வெச்சதுதான் சட்டம். அப்பாவுக்கு அண்ணன். அப்பா நல்லவருதானுங்க, என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல, ஆனா அண்ணன் முன்னால அவருக்குப் பேச்சு வராது. அன்னிக்குப் பொழுதோட எல்லாரும் கூடத்துல உக்காந்தாங்க. பெரியப்பா சொல்றாரு, கத்தி பட்டா அது வெறி புடிச்சுப் பரவும்னு. பக்கத்து ஊருல ஒருத்தங்களுக்கு அறுத்தாங்களாம், பொங்கலுக்குள்ள போயிட்டாங்களாம். நான் சொன்னேன், பெரியப்பா, அவங்க நோவு முத்திப் போனதுக்கப்பறம் போனாங்க, கத்தியால போகல, நேரத்துல போகாததால போனாங்கன்னு. போன்ல எடுத்து வெச்சிருந்தேன், டாக்டருங்க பேசற வீடியோ எல்லாம். காட்ட வந்தேன்.

அவரு என்னையப் பாக்கவே இல்லீங்க. எங்கப்பாவைப் பாத்துத்தான் சொன்னாரு. "செல்லுல ரெண்டு படத்தப் பாத்துட்டு டாக்டராயிட்டாளா உம்பட புள்ள? பெரியவங்க பேசறப்ப இவளுக்கு இங்க என்ன சோலி? காப்பி வெக்கச் சொல்லு."

காப்பி வெச்சேனுங்க. வெச்சுக் குடுத்துட்டு அங்கயே நின்னேன். அத்தனை பேரும் உறிஞ்சிக் குடிக்கறாங்க, ஒருத்தருகூட என்னைய நிமுந்து பாக்கல. நான் நிக்கறது அவங்களுக்குச் செவுரு நிக்கற மாதிரி. இது எங்கம்மா உசுரு, எனக்கு ஒரு வார்த்தை பேச உரிமை இல்லையான்னு கேக்கோணும். வாயத் தொறந்தா அழுகைதான் வருது. அழுதா இன்னும் சின்னப் புள்ளைன்னுருவாங்க, அதனால அழுவலீங்க.

அப்பறம் பெரியப்பாதான் சொன்னாரு, நமக்கெதுக்கு வம்பு, கருப்பராயங்கிட்டப் பூக்கேட்டரலாம்னு.

உங்க பக்கம் உண்டுங்களா பூக்கேக்கறது? வெள்ளப்பூ ஒரு எலையில, செவப்புப்பூ ஒரு எலையில, ரெண்டையும் ஒரே மாதிரி பொட்டணமாச் சுருட்டிச் சாமி முன்னால போடுவாரு பூசாரி. ஒரு சின்னப் புள்ளைய உட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தாச் சாமி சரின்னுருச்சுன்னு அர்த்தம். செவப்பு வந்தா வேண்டாம். அதுக்கப்பறம் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. ஆரு வேணா எடுக்க முடியாதுங்க. பொம்பளைப் புள்ளையா இருக்கோணும், சடங்காகாத புள்ளையா இருக்கோணும். அந்தக் கையிலதான் சாமி வரும்பாங்க.

சிரிக்காதீங்க. எங்கூட்டுல ரொம்ப நாளு அந்தக் கை என்ர கைதான்.

நெசமாத்தானுங்க. நாலு வயசுல இருந்து நாந்தான் எடுத்தேன். தலைக்குத் தண்ணி வாத்து, பட்டுப் பாவாடை கட்டி, பெரியப்பாதான் தோள்ல தூக்கிட்டுப் போவாரு. இதே பெரியப்பாதான். மேக்காட்டுல போர் போடலாமான்னு கேட்டாங்க, வெள்ளை எடுத்தேன், தண்ணி வந்துச்சு. டிராக்டர் எடுக்கலாமான்னு கேட்டாங்க, வெள்ளை. எங்கத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சு, அத்தை அழுதுட்டே இருந்துச்சு, அதுக்கும் பூக்கேட்டாங்க. அதுக்கும் வெள்ளைதான் எடுத்துக் குடுத்தேன். கல்யாணம் நடந்துச்சு. இப்ப அத்தை எங்கூட்டுலதான் இருக்குது, அந்தாளுகூட வாழ முடியாம வந்திருச்சு. அது வேற கதைங்க. நான் எதுக்குச் சொல்றேன்னா, அப்ப நான் கைய நீட்டுனா ஊரே கையெடுத்துக் கும்புடும். 'எங்க மகராசி'ன்னு பெரியப்பா கன்னத்தைக் கிள்ளுவாரு.

சடங்காச்சு. அன்னிக்கோட போச்சுங்க. பந்தல் போட்டு, சீர் வெச்சு, பெரிய மனுசி ஆயிட்டான்னு ஊருக்கெல்லாம் சோறு போட்டாங்க. அதுக்கப்பறம் கையும் செல்லாது, வாயும் செல்லாது. ஒண்ணும் தெரியாத வயசுல கேட்டாங்களே, இப்ப எனக்குத் தெரியுமே, இப்ப ஏன் கேக்க மாட்டீங்கறாங்க? இதுக்கு யாராச்சும் ஒரு பதில் சொல்லோணுமுங்க. இருங்க, இருங்க, நீங்க சொல்லாதீங்க, நான் முடிச்சர்றேன்.

இப்பப் பூ எடுக்கறது எங்க சித்தப்பா புள்ள கனிஷ்கா. கனின்னு கூப்புடுவோம், ஒண்ணாப்புப் படிக்கறா.

பூக்கேக்கப் போறாங்கன்னதும் நான் பயப்படலீங்க. சந்தோசந்தான் பட்டேன். ஏன்னா எனக்கு ஒரு விசயந் தெரியும். பூசாரி பொட்டணத்தை எவ்வளவுதான் உருட்டுனாலும் கடைசில வெள்ளையைச் சோத்தாங்கைப் பக்கந்தான் வெப்பாரு. நல்ல வாக்கு வந்தா எல்லாருக்கும் சந்தோசம், அவருக்கும் தட்டு நெறையும். சின்ன வயசுலயே நான் அதைப் பாத்து வெச்சுட்டேன். எப்பப் போனாலும் சோத்தாங்கைப் பக்கம் இருக்கறதை எடுத்துருவேன். சுத்தி நிக்கறவங்க மூஞ்சி மலந்துரும், கையில ஒரு கை சக்கரைப் பொங்கல் வெப்பாங்க.

அதனால கனியைத் தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொல்லிக் குடுத்தேன். இந்தா பாரு, இது சோத்தாங்கை. இந்தப் பக்கம் இருக்கறதை எடு. வேற எதையும் தொடாத. எடுத்தேன்னா உனக்குக் கோன் ஐஸ். அவ என்னமோ 'அக்கா, அக்கா, பூசாரி தாத்தா வந்து'ன்னு நைநைன்னு ஆரம்பிச்சா. வாய மூடுடி, சொன்னதைச் செய்யின்னுட்டேன். மறுபடியும் 'இல்லக்கா'ங்கறா. தலையில ஒரு கொட்டு வெச்சேன். எங்கம்மா உசுரு அவ கையில இருக்குது, அவளுக்கு அது வெளையாட்டு.

கோயிலுக்குப் போனோம். அம்மாவை முன்னால உக்கார வெச்சாங்க. குனிஞ்ச தலை நிமிரல. பூசாரி பொட்டணத்தை உருட்டி வெச்சாரு. கனி என்னையப் பாத்தா. நான் கண்ணக் காட்டுனேன். சோத்தாங்கைப் பக்கம் இருந்ததைத்தான் எடுத்தா, நாம்பாத்தேனுங்க, கரெக்ட்டா எடுத்தா. பூசாரி பிரிச்சாரு.

செவப்பரளி.

பெரியப்பா கன்னத்துல போட்டுக்கிட்டாரு. 'சாமியே வேண்டாங்குது, அப்பறம் என்ன'ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. அப்பா கண்ணைத் தொடைச்சுட்டுப் பின்னாலயே போனாரு. அவ்வளவுதான். எங்கம்மா வாழறதா சாகறதான்னு ஒரு செடியில இருந்து பறிச்ச பூ சொல்லிருச்சு.

அந்தக் கனி என்ன சொன்னா தெரியுமுங்களா? ஊட்டுக்கு வந்து அழுதுட்டே சொல்றா, 'இப்பத் தாத்தா இல்லக்கா, தாத்தா பையன்தான் பூசாரி, அவரு வெள்ளையைப் பீச்சாங்கைப் பக்கந்தான் வெப்பாரு, நான் சொல்ல வந்தேன், நீதான் சொல்ல உடல'ன்னு. சொல்ல வந்தாளாம். பூசாரி மாறுனது எனக்கெப்படித் தெரியும்? கோயில்ல பாத்தப்பக்கூட, பையனும் அப்பா மாதிரித்தான் வெப்பாருன்னு நெனச்சுட்டேன். நான் கோயிலுக்குப் போயி ரொம்ப நாளாச்சு. ஒண்ணாப்புப் படிக்கற புள்ளைங்க, அது நைநைங்கறதையெல்லாம் உக்காந்து கேட்டுட்டு இருக்க முடியுமுங்களா? அவ ஒழுங்காச் சொல்லியிருக்கோணும். இன்னைக்கு வரைக்கும் அவகூட நான் பேசறதில்ல.

அன்னூரு தாண்டிருச்சுங்களா? சரி, சீக்கிரம் சொல்லிர்றேன்.

அதுக்கப்பறம் எனக்கு வேற வழி தெரியலீங்க. அடுத்த வெள்ளிக்கெழமை சோறு திங்க எல்லாரும் உக்காந்திருந்தப்ப, உண்மையைப் போட்டு ஒடைச்சுட்டேன். நான் எடுத்தது ஒண்ணுகூடச் சாமி எடுத்துக் குடுத்ததில்ல, போருக்கும் சரி, டிராக்டருக்கும் சரி, கல்யாணத்துக்கும் சரி, எல்லாமே சோத்தாங்கைப் பக்கம் இருந்ததைத்தான் எடுத்தேன், சக்கரைப் பொங்கலுக்காகத்தான் எடுத்தேன், இப்ப வந்த செவப்பும் சாமி சொன்னதில்ல, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கத்துனேன்.

இதையாச்சும் கேப்பாங்கன்னு நெனச்சேன். எங்கப்பா எந்திரிச்சு வந்து என்னைய அறைஞ்சாரு. மொதத் தடவைங்க. சாமி குத்தமாயிப் போச்சுன்னு பெரியப்பா ஒரே ஆட்டம். கருப்பராயனுக்குக் கெடா வெட்டோணும்னு சொல்லிட்டாரு. அம்மா அப்படியே கையில சோத்தோட உக்காந்திருந்துச்சு. அத்தை மட்டும் தட்டைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்துட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்பறம் எந்திரிச்சு உள்ள போயிருச்சு. ஏன் அப்படிப் பாத்துச்சுன்னு எனக்குப் புரியலீங்க. எனக்குச் சப்போர்ட்டா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தைக்கு எப்பவுமே என்மேல கொஞ்சம் கடுப்புதான்.

அப்பறம் ஒரு வைத்தியருகிட்ட எண்ணெய் வாங்கிட்டு வந்து தடவறாங்க. என்னமோ பச்சையா அரைச்சுப் பத்துப் போடறாங்க. கட்டி பெருசாகிட்டே வருது. நான் பாக்கறேனுங்க, ஒவ்வொரு தடவையும் அம்மா துணி மாத்தறப்ப நான் பாக்கறேன். வேண்டாங்கும், திரும்பிக்கும், நான் உட மாட்டேன். பரிட்சைக்குப் படிக்க உக்காந்தாப் புஸ்தகத்துல எழுத்தே தெரிய மாட்டீங்குது. எனக்குத் தெரியுது, என்ன ஆகப் போகுதுன்னு எனக்குத் தெரியுது, சொல்லிட்டே இருக்கேன், ஒருத்தரு காதுலயும் ஏற மாட்டீங்குது. கெணத்துக்குள்ள நின்னு கத்தற மாதிரி இருக்குதுங்க. எங்க டீச்சர்கிட்டச் சொன்னேன், 'அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா, பேசறேன்'னாங்க. அப்பா வருவாரா? ஒரு உதவி நம்பருக்குப் போன் போட்டேன், அவங்களும் 'ஊட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தாக் குடும்மா'ங்கறாங்க. பெரியவங்களாலதான போன் போடறேன், பெரியவங்ககிட்டயே குடுன்னா?

போன வாரம் அம்மாவைக் கூட்டிட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங்குன்னு அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டுப் போனேன். இன்னைக்கும் அதே பொய்தான். அங்க நர்ஸம்மா ஒண்ணும் மோசமில்லீங்க, நல்லவங்கதான். அம்மாவைப் பாத்து, "நீங்க சொல்லுங்கம்மா, எப்ப இருந்து இருக்குது, வலி இருக்குதா, ஆப்பரேசன் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா"ன்னு கேட்டாங்க. அம்மா எங்க சொல்லப் போகுது? நாந்தான் எல்லாத்தையும் சொன்னேன். அவங்க மறுபடியும் 'நீங்க சொல்லுங்கம்மா'ங்கறாங்க. நான் மறுபடியும் சொன்னேன். அவங்க என்னையப் பாத்தாங்க, அம்மாவைப் பாத்தாங்க, பேனாவை மூடிட்டாங்க. "பாப்பா, ஆப்பரேசன்னா வெளையாட்டில்ல. பெரியவங்க யாராச்சும் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துரு. அடுத்த வாரம் வா, சேத்துக்கலாம்"னாங்க. ஊட்டுலயும் அதே பேச்சு, இங்கயும் அதே பேச்சு. திரும்பி வர்றப்பப் பஸ்ஸுல பூரா அம்மாவைத் திட்டிட்டே வந்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருவன்னு. அது சன்னல் வழியா வெளிய பாத்துட்டே வந்துச்சு.

அதுதானுங்க உதவி. இப்பச் சொல்லிட்டேன். நீங்க என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வரோணும். எங்க பெரியம்மான்னு சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். கூட நான் ராத்திரி பகலா இருந்துக்குவேன், மருந்து மாத்திரை நான் பாத்துக்குவேன், அப்பா வந்தாச் சண்டைய நான் போட்டுக்குவேன். நீங்க அந்த மேசைக்கு முன்னால நின்னு, 'ஆமாங்க, ஆப்பரேசன் பண்ணுங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் சொன்னா அது பேச்சில்லையாம். அதே பேச்சை நீங்க சொன்னாப் பேச்சாயிரும். உங்களுக்கு என்னங்க, ஒரு வார்த்தைதான? உங்க காலப் புடிச்சுக் கேக்கறேங்கக்கா. நான் அழுவக்கூடாதுன்னுதான் இருந்தேன்.

என்னங்க? அம்மாகிட்டயா?

அம்மாகிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? நாந்தான் முழுசாச் சொன்னேனே. அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க, அது படிக்கல, சொன்னாலும் புரியாது. பயந்துக்கும். எதுன்னாலும் என்கிட்டயே கேளுங்க. எழுப்பாதீங்க, பாவம், தூங்கறதை எதுக்கு.

அம்மா? முழிச்சுட்டியா? ஒண்ணுமில்ல, படு. இந்தக்கா சும்மா கேக்கறாங்க. நம்மகூட வர்றேன்னு சொல்றாங்க. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்.

என்னம்மா? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல.

'நானும் பெரியவதான பாப்பா'ங்குதுங்க.

கேட்டீங்களாக்கா? இவ்வளவு நாளும் வாயே தொறக்காம இருந்துட்டு இப்ப இப்படிச் சொல்லுது. அப்ப அன்னிக்கு நர்ஸம்மா கேட்டப்ப ஏம்மா சொல்லல? கூடத்துல ஏம்மா சொல்லல? நான் அறை வாங்குனப்ப எங்க போயிருந்தம்மா?

தூங்கலையாம். புளியம்பட்டில இருந்து நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் வந்துச்சாம். உங்களப் பாத்து என்னமோ சொல்லுது, இருங்க. 'எங்கூட்டுக்காரரு கேக்கலைங்க. அவங்கண்ணன் கேக்கல. சாமிகிட்டக் கேட்டாங்க. இவளாச்சும் கேப்பாள்னு இருந்தேன்.' அப்படீங்குது.

நான் கேக்கலையா? நானாம்மா கேக்கல? உனக்காகத்தானம்மா இத்தனையும். நீ இல்லாமப் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? சரி, இப்பக் கேக்கறேன். இந்தக்கா முன்னாலயே கேக்கறேன். உனக்கு ஆப்பரேசன் வேணுமா வேண்டாமா? வேணும்னு சொல்லும்மா. அக்காகிட்ட வேணும்னு சொல்லு.

பாருங்க, என்னைய உட்டுட்டு உங்க பக்கம் திரும்பிக்குது.

என்ன சொல்லுது? எனக்குக் கேக்கலீங்க, உங்களுக்குக் கேட்டுச்சா? உங்ககிட்டத்தான் சொல்லுது. 'பொழைக்கோணும்னுதான் இருக்குதுங்க'... அதானே, அதைத்தான நான்... சரிங்க, சரிங்க. பேசல. 'பொழைக்கோணும்னுதான் இருக்குது. ஆனா பயமா இருக்குது. எடுத்துட்டா அந்த எடம் எப்படி இருக்கும்னு யாருகிட்டக் கேக்கறதுன்னு தெரியல. இவகிட்டச் சொன்னாப் பயப்படாதேங்கறா. பயமா இருக்குதுன்னு சொல்லறதுக்குக்கூட என்னைய உட மாட்டீங்கறா.'

அம்மா, அதுல பயப்பட ஒண்ணுமே இல்ல, நான் வீடியோல பாத்தேன், இப்பெல்லாம்...

சரி.

சரி, இல்ல. சொல்லல.

அக்கா, நீங்க ஒண்ணு பண்றீங்களா? நான் எந்திரிச்சு நின்னுக்கறேன். நீங்க நகுந்து அம்மா பக்கத்துல உக்காந்துக்கங்க. பையை நான் புடிச்சுக்கறேன். பெரியம்மான்னெல்லாம் சொல்ல வேண்டாம், அங்க அதுவே பேசிக்கும்போல இருக்குது. நான் இந்தக் கம்பியப் புடிச்சுட்டு இங்கயே நிக்கறேன். வாயத் தொறக்க மாட்டேன், எங்கம்மா மேல சத்தியமா தொறக்க மாட்டேன். சொல்லும்மா. பயமா இருக்குதுன்னு சொன்னியே, அதுல இருந்து சொல்லு. கொஞ்சம் வெரசாச் சொல்லும்மா, சரவணம்பட்டி தாண்டிருச்சு, காந்திபுரம் வந்துரும்.